மடிப்பில்லாத தார்ப்பாய்

கிடங்குக் கதவிடுக்கில் விழும் மதிய வெயிலில் தூசி மிதக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்குச் சாயங்காலம் கணக்கில் மறுதேர்வு. போன தடவை இரண்டின் பூஜ்ய அடுக்குக்குப் பூஜ்யம் என்று எழுதிக் கோட்டைவிட்டவர். பாதிபாதியாக மூன்று முறை மடித்த தார்ப்பாய் எட்டுப் படலமாய்க் கையில் கனக்கிறது. மடிப்பின் எண்ணிக்கைதான் இரண்டின் அடுக்கு என்று வைத்துக்கொண்டு ஒரு மடிப்பைப் பிரிக்கிறார்: நான்கு படலம். இன்னொன்றை: இரண்டு. "பரிட்சைக்குப் போற ஆளு, விரிச்சுப் படுக்கப் போறீங்களா மாமா?" கூட வேலை பார்க்கும் மச்சினன் சிரிக்கிறான். கடைசி மடிப்பும் சரசரத்து விரிகிறது. "இப்ப எத்தனை மடிப்புடா?" "ஒண்ணுமே இல்ல." "அப்ப படலம்?" "ஒண்ணு கெடக்கே, கண்ணு தெரியலையா?" "அதானே! மடிப்புதான் போச்சு, பாயி எங்க போச்சு?" காதில் செருகிய பென்சிலை உருவி, பக்கத்து அட்டைப்பெட்டியில் பெரிதாக, அழுத்தி, '1' என்று விடை போடுகிறார்.