மழைக்காகப் பிடித்த மாப்பிள்ளை

கல்யாணம் முடிந்த மறு வாரமே, புது மாப்பிள்ளையை வெளியே இழுத்துப்போட ஜெயமங்கலமே சுருளிவேல் வீட்டு வாசலில் கூடிவிட்டது.

"வெளிய வாங்க மாப்பிள்ள. தாலியக் கட்டிட்டு உள்ளயே உக்காந்துக்கிட்டா என்ன அர்த்தம்?" என்றார் மாமனார் சுருளிவேல்.

"புதுப்பொண்ணே கெணத்தடிக்கு வந்துட்டா. இவருக்கென்ன வெக்கம்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மொக்கம்மாளுக்குத் தலை நிமிர முடியவில்லை. கர்ணனை அவளுக்குக் கட்டிவைத்ததே ஊர்தான். தேவதானப்பட்டியிலிருந்து மாடு வாங்க அவன் வந்த நாளெல்லாம் இங்கே மழை கொட்டியிருந்தது.

இந்த வருஷம் கண்மாய் வறண்டு வெடித்து நெல் கருகத் தொடங்கியதும், அப்பேர்ப்பட்ட ராசிக்காரனை வீட்டோடு மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். கல்யாணத்தன்றும் தூறியது. அதோடு சரி.

அவள் உள்ளே போனாள். கூரைப் பொத்தல் வழியே விழுந்த வெயில் வட்டம் நகர நகர, கர்ணனும் அது மேலே படாமல் பாயோடு நகர்ந்துகொண்டிருந்தான். மேகத்துக்கு வேண்டியவருக்கு வெயில் பகையாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மழை வரலைன்னா எங்கய்யாவ ஊர விட்டே தள்ளிருவாக."

"நான் வந்து என்னத்தப் புள்ள செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா அங்கன நில்லுங்க."

அதற்குள் நாலு பேர் நுழைந்து, அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நடு வாசலில் நிறுத்தினார்கள். கொட்டு முழங்கியது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மொக்கம்மாள் மட்டும் அவனைப் பார்த்தாள். முகமும் கைகளும் கங்கு பட்டதுபோலச் சிவந்து தடித்துக்கொண்டே வந்தன. அவன் பல்லைக் கடித்து முனகினான். முந்தானையால் மூடி அவனை உள்ளே இழுத்து வந்து, ஈரத்துணியைப் போர்த்தினாள்.

"என்னங்க இது?"

"பெறவியிலேயே ரத்தத்துல கோளாறு. வெயில் பட்டா வெந்துபோகும். இதச் சொன்னா எவுக பொண்ணு குடுப்பாக?"

வெளியே கொட்டு இன்னும் நிற்கவில்லை. மொக்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப நீங்க வந்தன்னைக்கெல்லாம் எங்க ஊருல மழை பேஞ்சுச்சே?"

கர்ணன் அவளைப் பாவமாகப் பார்த்தான்.

"மேகம் போட்டாத்தான் புள்ள, நான் வீட்ட விட்டே கெளம்புவேன்."