இரண்டு வோல்ட்டுக்குக் கீழே

பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும்.

கழற்றாவிட்டாலும் இரண்டொரு நாளில் அழிந்துவிடும்.

மூன்று மணியிலிருந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் கேம் கேசட் திறந்து கிடந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. மூலையில் ஒரு ரூபாய் நாணயம் போல பேட்டரி. பக்கத்தில் கறுப்புச் சிப்பு. ஞாபகம் முழுக்கச் சிப்பில். பேட்டரி அதற்கு ஊட்டும் சோறு. இருபத்தாறு வருடமாக ஊட்டிக்கொண்டிருக்கிறது.

புதிதில் மூன்று வோல்ட். இரண்டுக்குக் கீழே இறங்கினால் சிப்பு மறந்துவிடும்.

நேற்று மீட்டர் 2.3 காட்டியது.

இன்று 2.1.

சிப்புக்குள் ஒரு கடல், ஒரு துறைமுகம், ஒரு படகு. படகின் பெயர் கிளாடி. அவள் தம்பி கிளாட்வின் பத்து வயதில் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்குத்தான் அந்த விளையாட்டில் இடம்.

பிறகு அவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனான். முதல்முறை கப்பலேறும்போது டிவியைக் காட்டிச் சிரித்தான். "யம்மா, தெனமும் என் படகக் கரை சேத்துரு. நானும் வந்துருவேன்."

கேலிக்குச் சொன்னான். அம்மா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது வருடமாயிற்று. அவன் கடலில் இருக்கும் நாளெல்லாம், ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும், அம்மா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு கன்ட்ரோலரை எடுப்பாள். படகைக் கடலில் இறக்குவாள். பாறைகளுக்கு நடுவே ஓட்டுவாள். கரை சேர்ப்பாள்.

பதினோரு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை.

தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள் கம்பெனியில். நேற்றும் அதையே சொன்னார்கள்.

சிப்புக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? அழிந்துபோனால் ஐந்து எழுத்தையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அரை நிமிட வேலை.

அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அவன் வந்த பொறவு மாத்தினா போதாதா, ஏட்டி?" அம்மா அடுக்களை வாசலில் நின்றாள்.

"அதுவரைக்கும் தாங்காதும்மா."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

"ஊரு புள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுக்கே. ஒரு பயல ஒரு நிமிசம் பத்திரமா வைக்க ஒனக்குத் தெரியல."

ஒரு வழி இருந்தது. கேசட்டை கேம் பெட்டியில் செருகி, பெட்டியை ஓடவிட்டால் சிப்புக்கு மின்சாரம் பெட்டியிலிருந்து வரும். அப்போது பேட்டரியைக் கழற்றலாம்.

ஆனால் இந்தத் தெருவில் கரண்ட் நேற்று இரண்டு தடவை போனது. இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ள ஒரு கண்ணிமைப்பு ஆகும். மறப்பதற்குச் சிப்புக்கு அந்த இமைப்பே அதிகம்.

பலகையின் ஓரத்தில் செம்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன.

கிளாட்வின் ஊதிய பச்சை. ஊதினால்தான் கேசட் ஓடும் என்று தெருவே நம்பியது. உண்மையில் கழற்றி மாட்டுவதால்தான் ஓடும். ஊதும் எச்சில் செம்பைத்தான் அரிக்கும். அவனுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். கேட்டுவிட்டு, அவள் முகத்துக்கு நேரே இன்னொரு முறை ஊதுவான்.

பச்சையைத் துடைக்க ரப்பரை எடுத்தாள்.

வைத்துவிட்டாள்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். தம்ளர் கொதித்தது. சேலைத் தலைப்பால் பிடித்து நீட்டினாள்.

"புடிச்சிட்டியா?"

"ம்."

"நல்லாப் புடி."

அவள் விரல்கள் இறுகிய பிறகே அம்மாவின் விரல்கள் விலகின.

அவள் காப்பியைக் குடிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து பற்றவைப்புக் கோலைச் சூடாக்கினாள்.

புதுப் பேட்டரியில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. கோல் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கினாள். கோலிலிருந்து கசியும் மின்சாரம் கொஞ்சம் போதும், சிப்பைக் கலைத்துவிட. கோல் ஆறுவதற்குள் முடிக்க வேண்டும்.

முழங்கையை மேசையில் ஊன்றினாள்.

பழையதைக் கழற்றாமலே, அதன் கூட்டல் கால் பலகையில் சேரும் இடத்தில் சிவப்பைப் பற்றவைத்தாள். கழித்தல் கால் சேரும் இடத்தில் கறுப்பை.

மீட்டர் 3.0.

அம்மா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அல்லது அது அவளுடையது.

கோலைத் திரும்பச் சூடாக்கினாள். பிளக்கைப் பிடுங்கினாள். பழைய பேட்டரியின் ஒரு கால். மறு கால். சத்தமில்லாமல் அது மேசையில் விழுந்தது.

மீட்டரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

3.0.

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். கேசட்டைக் கையில் எடுத்தாள். பெட்டியில் செருகப் போனவள் நின்றாள்.

உதட்டருகே கொண்டுபோய் ஒருமுறை ஊதினாள்.

திரையில் துறைமுகம் வந்தது. படகு நேற்று கட்டிய இடத்தில் நின்றது. கோயில் மணி அடித்தது. அம்மா கன்ட்ரோலரை எடுத்தாள்.

போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. ஒலிக்கவில்லை.

அவள் நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்தாள். கேசட்டின் மேல்மூடிக்குள் ஒட்ட வேண்டிய சீட்டு. இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து இதைத் திறப்பவருக்கு.

எழுதினாள்.

"கிளாட்வின், அடுத்த தடவை மாற்ற வேண்டியது நீ. புதுப் பேட்டரியை முதலில் பழையதோடு சேர்த்துப் பற்றவை. கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல். அது பிடித்துக்கொண்டது என்று மீட்டரில் பார். அதன் பிறகே பழையதை எடு."