சங்கிலி இல்லாத வண்டி

“இவனைப் பெத்தவன் முகத்துல காறித் துப்பணும்!” என்று கத்தினார் நக்லே.

சமையலறையில் காபிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த வதாத் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். கணவர் திட்டியது டிவியை. பெய்ரூட்டிலிருந்து அவர்கள் ஊரான ஸஹ்லேவுக்கு வரும் மலைப்பாதையின் உச்சியில் ஒரு கார் குறுக்கே திரும்பி நின்றிருந்தது. கூரைவரை பனி அப்பியிருந்ததால் என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள்.

“டயரைப் பாரு! பனியில வழுக்காம இருக்க ஒரு சங்கிலிகூடச் சுத்திக் கட்டல. இந்தப் பனியில வெறும் டயரோட மலை ஏறுறான். தூ! மனுஷ ஜென்மமா இது?”

நக்லே ஓய்வு பெறும்வரை அதே மலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். இப்போது காலையில் மொட்டை மாடியில் புறா வளர்ப்பு, மதியம் பக்கத்து வீட்டுக்காரரோடு பகடை உருட்டல். மிச்ச நேரமெல்லாம் செய்தி பார்த்துச் சாபம் விடுவதுதான் உத்தியோகம். மந்திரி வந்தாலும் சாபம், மழை வந்தாலும் சாபம். அந்த வீட்டு டிவிக்குக் காது இருந்தால் என்றைக்கோ ஓடிப்போயிருக்கும்.

அன்றைக்குச் சாபம் கொஞ்சம் தூக்கல். மகள் நிஸ்ரினைப் பெண் கேட்டு, பெய்ரூட்டிலிருந்து ரபீயும் அவன் பெற்றோரும் அதே பாதையில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

“அப்பா, அது ரபீயோட வண்டியா இருந்தா?” என்றாள் நிஸ்ரின் மெதுவாக.

“இருந்தா அப்படியே திரும்பிப் போகச் சொல்லு. சங்கிலி எடுத்து வைக்கத் துப்பில்லாதவனுக்கு என் வீட்ல பொண்ணு கிடையாது.”

சொன்னால் செய்கிற ஆள். போன குளிர்காலத்தில் பெண் கேட்டு வந்த வேறொருவனை, தேய்ந்த டயரோடு வந்தான் என்று வாசலோடு அனுப்பியவர். நிஸ்ரினுக்கு அழுகை முட்டியது.

“புறாவுக்குப் பார்க்கிற நியாயத்தைக்கூட எனக்குப் பார்க்க மாட்டீங்க” என்றாள்.

மாடியில் காற்று புறாக்கூண்டின் கதவை உலுக்கியது. அதில் சுற்றிப் பூட்டியிருந்த இரும்பு கடகடவென்று இரைந்தது. அடுத்த தெருப் புறாக்காரன் நல்ல ஜோடி ஒன்றைக் களவாடிக்கொண்டு போனதிலிருந்து இந்தக் காவல்.

“மர்வானுக்கும் போன் போகலைங்க” என்றாள் வதாத். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன், அத்தை ஜமீலேவை அழைத்துவர அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். அத்தை இல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு நல்ல காரியமும் நடக்காது.

“பனி கொட்டுறதுக்கு முன்னாடியே போயாச்சு. அவ வீட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்து நல்லா முழுங்கிட்டிருப்பான், விடு.”

பொழுது சாயும் நேரத்தில் ரபீ குடும்பம் வந்து சேர்ந்தது. ரபீயின் கால்சட்டை முழங்கால்வரை சேறு. விரல்களில் சிராய்ப்பு. நக்லே அவனை மேலும் கீழும் பார்த்தார். வதாத் அவசரமாகக் காபித் தட்டை நீட்டினாள்.

ரபீயின் அப்பா கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் மேஜையில் வைத்தார். “நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு தெரியும். நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க, அப்புறம் குடிக்கிறோம்” என்றார் முறைப்படி.

நக்லே பார்வையை ரபீயின் சேற்றுக் காலிலிருந்து எடுக்கவில்லை. கோப்பைகளில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“டிவியில பார்த்தேன். சங்கிலி இல்லாம ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்ன மகராசன் நீதானே?” என்றார் ரபீயிடம்.

“ஐயோ, நான் இல்ல மாமா. எங்க வண்டி அதுக்கு அடுத்து நின்னுச்சு.”

“அப்புறம் ஏன் இந்தக் கோலம்?”

“அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கலாம்னுதான் இறங்கினேன். பின்சீட்ல ஒரு பெரியம்மா விறைச்சுப்போய்க் கிடந்தாங்க. மனசு கேட்கல. எங்க சங்கிலியைக் கழட்டி அந்த வண்டிக்கு மாட்டி அனுப்பிட்டேன். நாங்க பனி தள்ளுற வண்டி வரவும் அதுக்குப் பின்னாடியே ஊர்ந்து வந்துட்டோம்.”

நக்லேயின் முகம் இளகியது. ஆனால் அருவருப்பு போகவில்லை, ஆள் மாறியது, அவ்வளவுதான்.

“நீ நல்ல பிள்ளைப்பா. அந்தத் தறுதலையோட அப்பன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்! வண்டியைக் கொடுத்தானே, அதுல சங்கிலி இருக்கான்னு பார்த்தானா? அவனெல்லாம் ஒரு அப்பனா? தூ!”

கதவு திறந்தது. மர்வான் ஒரு கையால் அத்தை ஜமீலேவைத் தாங்கிப் பிடித்திருந்தான். மறு கையில் ஒரு சங்கிலி சேற்றுத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நீங்களா!” என்று ரபீயைப் பார்த்துக் கூவினான். “இதைத் திருப்பிக் கொடுக்க வழியெல்லாம் உங்களைத் தேடினேன்.” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான். “ஏம்ப்பா, நம்ம டிக்கியில எப்பவும் கிடக்குமே சங்கிலி, அது எங்கப்பா போச்சு?”

மொட்டை மாடியில் இரும்பு கடகடத்தது. எல்லோரும் ஒருமுறை மேலே பார்த்தார்கள்.

நக்லே ஆறிப்போன கோப்பையை எடுத்து ரபீயின் கையில் அவசரமாகத் திணித்தார். “குடிப்பா, குடி. பொண்ணு உனக்குத்தான்.”

வதாத் அவர் காதருகே குனிந்தாள்.

“கண்ணாடி உள்ரூம்ல மாட்டியிருக்கு. போய்த் துப்பிட்டு வாங்க.”