சட்டைக் கையில் ஒரு பிசிறு

மின்விசிறிக் காற்றில் மேசைக் காகிதங்கள் படபடக்கின்றன. பக்கத்துக் கூடத்துத் தையல் மிஷின்களின் இரைச்சல் சுவரைத் தாண்டி வருகிறது. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு வந்தவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். வாசல்வரை வந்த அக்கா சொன்னது காதிலேயே நிற்கிறது: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கையை மடியை விட்டு எடுக்காதே. அங்கேயாவது சும்மா இரு, தாயே." கை மடியில்தான் இருக்கிறது. கண்தான் அடங்க மாட்டேன் என்கிறது. எதிரே எழுதிக்கொண்டிருக்கும் மேனேஜரம்மாவின் சட்டைக் கை ஓரத்தில் வெள்ளை நூல் பிசிறு ஒன்று ஜன்னல் வெயிலில் மினுங்கி மினுங்கி ஆடுகிறது. "முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்கிறார் அவர். பதில் வருவதற்குள் கை போய்விடுகிறது. பையில் கிடந்த சின்னக் கத்தரி எப்படி விரலுக்குள் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நறுக். "ஐயோ மேடம், மன்னிச்சுக்கோங்க, பழக்கதோஷம்." நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மேனேஜரம்மா வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். துணியில் ஒரு கீறல் இல்லை. பேனாவை மூடி வைக்கிறார். மறு கையை மேசைமேல் நீட்டுகிறார். "நம்ம கம்பெனி சட்டைதான். இந்தக் கையையும் பாத்துடுங்க."