மீதிச் செபம்

"ரீட்டா, ஒங்கம்மா செத்துப்போன ஒங்கப்பா கூட பேசறாங்கடி!"

ஜெசிந்தா மேரி போனில் இப்படி ஆரம்பித்ததும் சென்னையில் இருந்த ரீட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா தனிஸ்லாஸ் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"தெனம் ஏழு மணிக்கு அம்மா செபமாலை சொல்றாங்க. பாதி மந்திரம் அவங்க சொன்னா, மீதிய ஒரு ஆம்பளை கொரல் சொல்லுது. வூட்டுல வேற ஆளே கெடையாது. இரு, நீயே கேளு."

சோரியாங்குப்பத்துச் செபக்குழுவுக்கு ஜெசிந்தாதான் தலைவி. யார் பூசைக்கு வரவில்லை என்பது பங்குச் சாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது ரீட்டாவின் அம்மா அன்னாமேரி வீட்டு ஜன்னலோரம் குனிந்து நின்றபடி போனை உள்பக்கம் நீட்டினாள்.

உள்ளே ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் அன்னாமேரி தனியாக முழந்தாளிட்டிருந்தாள். பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினாள்.

பிறகு படத்துக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

ஜெசிந்தா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயிலில் இப்போதெல்லாம் 'தூய மரியே' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பழைய செபத்தைக் கடைசிவரை விடாமல் சொன்னவர் தனிஸ்லாஸ் ஒருத்தர்தான்.

"அப்பா இழுத்து இழுத்துச் சொல்ற மாதிரியே இருக்குக்கா!" ரீட்டா அழுதாள்.

அன்னாமேரி படத்தைப் பார்த்துப் பேசினாள். "ஆண்டவரே, இன்னிக்கு முருங்கையில ரெண்டு காய் குடுத்தீரு, நன்றி. முட்டிவலி கொறைஞ்சிருக்கு, நன்றி. பக்கத்துலயே பதில் சொல்ல ஆள் வச்சிருக்கீரு, அதுக்கும் நன்றி."

ஜெசிந்தா கிசுகிசுத்தாள். "கேட்டியா? வெள்ளத்துல பயிர் பூரா போச்சு. புருஷனும் போயாச்சு. இதுல நன்றியாம்! மூளை கலங்கிப்போச்சுடி."

"நாளைக்கே வரேன்க்கா. டாக்டர்கிட்ட காட்டி, இங்கியே ஒரு இல்லத்துல சேத்துடறேன். வூட்டப் பூட்டிட வேண்டியதுதான்."

"அதான் நல்லது. போனை வெச்சிடாத, பின்னால போய்ப் பாக்கறேன்."

கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டைச் சுற்றிப் போனாள். குரல் கிட்டே வர வர, அடிமேல் அடி வைத்தாள். பின்னால் அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகை. கொட்டகைச் சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அங்கே இருட்டில் வெள்ளையாக என்னவோ அசைந்தது.

"யேசுவே!"

"ஷ்ஷ்... கத்தாதம்மா. செபமாலையில இன்னும் பத்து மணி பாக்கி கெடக்குது."

நெற்றி நிறைய விபூதியோடு அடுத்த வீட்டு சாமிநாதன். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்த காற்று ஓட்டையில் வாயை வைத்திருந்தார்.

"நீங்களா? எங்க செபம் ஒங்களுக்கு எப்படி...?"

"இருவது வருசமா கேட்டுக்கினேதானே மாட்டுக்குத் தீனி வெக்கறேன்? தனிஸ்லாசு இழுத்த மாதிரிதான் எனக்கும் வருது."

"அன்னாமேரிக்குத் தெரியுமா?"

"தெரியாம? வாய்க்கா தகராறுல ரெண்டு வூட்டுக்கும் பல வருசமா பேச்சு கெடையாது. செபம் மட்டுந்தான்."

"அப்புறம் ஏன்...?"

சாமிநாதன் குரலைத் தாழ்த்தினார். "முப்பதாம் நாள் பூசையோட ஒங்க ஆளுங்க வரத்து நின்னுபோச்சு. அந்தம்மா பாதிய சொல்லிட்டு, மீதிக்கு ஆளில்லாம அப்படியே காத்துக்கினு இருக்கும். அப்புறம் அழுவும். நாலு நாள் கேட்டேன். அதுக்கு மேல தாங்கல."

ஜெசிந்தாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'தெனம் ஒருத்தராவது வாங்க' என்று அன்னாமேரி கையைப் பிடித்துக் கேட்டபோது, எல்லோருக்கும் சேர்த்துத் தலையாட்டியவள் அவள்தான்.

போனில் ரீட்டா பதறினாள். "அக்கா, எனக்கு பயமா இருக்கு. அங்க யாருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அன்னாமேரி அடுத்த மணியைத் தொடங்கினாள். ஜெசிந்தா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதடி, நீ வர வேணாம். குடும்ப செபம் நடக்குது. முடிஞ்சதும் பேசறேன்."