மறுதலித்தவர்

கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே கவிஞர் ஞானாதிக்கத்தின் சவப்பெட்டியை இறக்கச் சொன்னார் பங்குச்சாமியார். கடலையும் நிலவையும் பாடிப் பேரெடுத்தவர், கடைசிக் காலத்தில் ‘ஆண்டவரே, நீர் இல்லை’ என்றே நூறு பாட்டு எழுதியிருந்தார்.

“விசுவாசத்தை மறுதலிச்சவருக்கு இங்க இடமில்லம்மா.”

அவர் மனைவி பிரகாசி அழாமல் சொன்னாள்: “மவனைக் கடல் கொண்டுபோன அன்னையிலேருந்து அவரு தெனமும் ஆண்டவர்கிட்டதான் சண்டை போட்டாரு, சாமி. நான்தான் நம்புறத அன்னைக்கே விட்டுட்டேன். பதினோரு வருசமா செபத்துக்கு உதட்டை மட்டும் அசைக்கேன். பூசைக்குத் தவறாம வாறதால எனக்கு எடம் உண்டு, அப்படித்தான?”

சாமியார் வாசலைப் பூட்டினார். மதிலுக்கு வெளியே மணலில் குழி வெட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு நற்கருணை வரிசையில் பிரகாசி வாய் திறந்து நின்றாள். அப்பத்தை எடுத்த சாமியாரின் கை பாதியிலேயே நின்றது.