எண்பத்தேழு சதவீத மேகம்

“அண்ணி, அந்த ஊருக்கு டிக் போட்டுடாதீங்க! அது மேகத்தோட நம்பர்!”

கண்ணாடிக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. எதிர்ச் சாரியிலுள்ள லாண்டரியில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை; மூக்குக்கண்ணாடி விற்பதெல்லாம் இடையில் கொஞ்சம்.

லாண்டரிக்காரரின் மனைவி, இஸ்திரி மேஜைமேல் விரித்திருந்த பட்டியலிலிருந்து பேனாவை எடுக்கவில்லை.

“எந்த நம்பர் தம்பி?”

“இந்த எண்பத்தேழு. கிரகணத்தன்னிக்கு அந்த ஊர்ல மேகம் மூடியிருக்க நூத்துக்கு எண்பத்தேழு சான்ஸ்னு அர்த்தம். நீங்க வெயில்னு நினைச்சுட்டீங்க. இதோ, இந்தப் பாலைவன ஊரைப் பாருங்க. வெறும் அஞ்சு! பளிச்சுனு தெரியும்.”

லாண்டரிக்காரரின் கிரகணப் பைத்தியம் தெருவுக்கே தெரியும். மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைத் திறந்து வைப்பவர். மச்சினன் கல்யாணத்துக்கே சாயங்காலம் போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்தவர். உலகத்தில் எங்கேயாவது முழுச் சூரிய கிரகணம் என்றால் மட்டும் பத்து நாள் ஷட்டரை இறக்கிவிடுவார்.

“அரைகுறைக் கிரகணம் எத்தனையோ நாட்டுக்குத் தெரியும் சார். முழுசா மறையறது, பூமி உருண்டைமேல ஒரு ரிப்பன் அகலத்துக்குத்தான். அந்த ரிப்பனுக்குள்ள போய் நின்னாத்தான் உண்டு. இருக்கிற இடத்துலயே பார்க்கணும்னா முன்னூறு நானூறு வருஷம் காத்துக்கிட்டு இருக்கணும்” என்று, சட்டை வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பார். கடைசியில் சபதம் வேறு. “ஒரே ஒரு தடவை கண்ணாரப் பார்த்துட்டாப் போதும். அப்புறம் ஆயுசுக்கும் கடைக்கு லீவே கிடையாது!”

எந்த ஊர், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், எவ்வளவு மேகம் என்று பட்டியல் எடுத்துவருவது அவர். “உன் கைராசிக்கு நீயே டிக் போடு” என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். அந்தக் கைராசியில் இதுவரை நாலு நாட்டுக்குப் போயாயிற்று. நாலு தடவையும் கிரகணம் மேகத்துக்கு மேலே நடந்து முடிந்தது. கீழே இவர்கள் குடையோடு நின்றார்கள். கிரகணக் கண்ணாடிகள் உறைகூடப் பிரிக்காமல் திரும்பி வந்தன.

“ஏன் மேகமாவே அமைஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், துப்பறிந்துவிட்ட பெருமையோடு. “பாவம் அண்ணன்! முட்டிவலி வேற. இன்னும் எத்தனை தடவை அலைவார்?”

அண்ணி நிதானமாக எண்பத்தேழுக்கு நேரே டிக் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

“தம்பி, இந்தக் கடையில நான் இதுவரைக்கும் ஒரு கர்சீப்பாவது மாத்திக் கொடுத்திருக்கேனா?”

“இல்லை...”

“அப்படிப்பட்டவளுக்கு எண்பத்தேழுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எண்பத்தேழை மறுபடி பார்த்தார்.

“முதல் தடவை போன ஊர்ல கொட்டுகொட்டுன்னு கொட்டிச்சு. மறுநாள் பூரா லாட்ஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டாடினோம். தோத்துத் தோத்து அப்படிச் சிரிச்சார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒரு முழுப் பகல் என்கூட உட்கார்ந்தது முதல்முதலா அன்னிக்குத்தான். கிரகணத்தைப் பார்த்துட்டார்னா அப்புறம் இந்த ஷட்டர் இறங்குமா? நீங்களே சொல்லுங்க.”

“அதுக்காக மனுஷனை ஏமாத்தறதா அண்ணி?”

“ஏமாத்தலை. தள்ளிப் போடறேன். விஷயம் வெளிய போச்சு, அப்புறம் உங்க வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாத்தான் வரும்.”

கண்ணாடிக்கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு தன் கடைக்குத் திரும்பினார். ரகசியத்தை யாரிடமாவது சொல்லாமல் அவருக்கு வேலை ஓடவில்லை. கிட்டப்பார்வைக்காரர் ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடியை மாட்டிவிட்டு, “எப்படி, சூப்பரா?” என்று கேட்டார். நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தார். அதுவே அவருடைய சாதனை.

டெலிவரி முடித்து லாண்டரிக்காரர் ஸ்கூட்டரில் வந்தபோது, தெருமுனையிலேயே மறித்துவிட்டார்.

“அண்ணே, மனசைத் திடப்படுத்திக்குங்க.”

ஒன்று விடாமல், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும், கொட்டித் தீர்த்தார். லாண்டரிக்காரர் வண்டியை அணைத்தார். கடைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“மெதுவா பேசுய்யா. டிக் போட்டுட்டாளா?”

“எண்பத்தேழுக்கு! அஞ்சு போட்ட ஊர் கண்ணெதிரே இருக்க!”

“அப்பாடா! எங்கே மனசு மாறிடுவாளோன்னு பயந்துகிட்டே வந்தேன்.”

“என்னண்ணே அப்பாடா? உங்க சபதம் என்னாகறது? சாகறதுக்குள்ள ஒரு முழுக் கிரகணமாவது பார்க்க வேண்டாமா?”

“யோவ், ‘சும்மா பத்து நாள் ஊர் சுத்திட்டு வரலாம் வா’ன்னா, ‘கஸ்டமர் துணி என்னாகறது’ன்னு அவ கடையை விட்டு நகரவே மாட்டா. அதான், இப்படி ஒரு ஆசை இருக்கறதாச் சொல்லி வச்சேன்.” லாண்டரிக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். “முழுக் கிரகணத்தை நான் இருபத்திரண்டு வயசுலயே பார்த்தாச்சு தம்பி.”